ஐந்து வருஷம் கழித்து அந்த முட்டி எப்படி இருக்கிறது?

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்த காலம். 2004 முதல் 2007 வரையிலான நான்கு ஆண்டுகளில் 34,006 பேர் போர்ப் பகுதியிலிருந்து சிகிச்சைக்காக ஜெர்மனியில் உள்ள லான்ட்ஷ்டூல் ராணுவ மருத்துவமனைக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். குண்டடி பட்டவர்களும் கண்ணிவெடியில் சிக்கியவர்களும்தான் அவர்களில் அதிகம் என்று யாரும் நினைப்பார்கள். 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு வேறு கணக்கைச் சொன்னது. போர்க்காயத்துக்காக அனுப்பப்பட்டவர்கள் 14 சதவீதம். எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகளுக்காக அனுப்பப்பட்டவர்கள் 24 சதவீதம். முதுகுவலிக்காரர்களைத் தனியாக எண்ணியிருந்தார்கள். அவர்கள் 7 சதவீதம்.

முதுகில் முப்பது, நாற்பது கிலோ சுமை. அதோடு வண்டியிலிருந்து குதிப்பது, மேட்டில் ஏறுவது, ஓடுவது, விழுவது. ஓய்வு நேரத்தில் கூடைப்பந்தும் பளு தூக்கலும். முட்டியும் தோளும் முதுகும் இதற்கெல்லாம் விலை கொடுக்கின்றன. ஒரு படைவீரரின் உடலுக்கும் ஒரு விளையாட்டு வீரரின் உடலுக்கும் வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால்தான் ராணுவத்தில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவராக இருப்பவர்களில் பலர் விளையாட்டு மருத்துவத்தையும் சேர்த்தே கற்கிறார்கள். இன்று உலகம் முழுக்க விளையாட்டு வீரர்களின் முட்டிக்கும் தோளுக்கும் செய்யப்படும் சிகிச்சையில் சில அடிப்படை முடிவுகள் இந்த ராணுவ மருத்துவர்களிடமிருந்து வந்தவை. அவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களுடைய ஆய்வுக்கு ஏன் தனி மதிப்பு என்பதை அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட்டை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் படிப்பைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் நான்கு ஆண்டு இளங்கலை, நான்கு ஆண்டு மருத்துவம், அதன்பின் எலும்பு மூட்டு அறுவைக்கு ஐந்து ஆண்டு ரெசிடென்சி, விளையாட்டு மருத்துவத்துக்கு இன்னும் ஓராண்டு ஃபெல்லோஷிப். ராணுவம் செலவை ஏற்றுக்கொண்டால், பதிலுக்குப் பல ஆண்டுகள் சீருடையில் வேலை செய்ய வேண்டும். ஹவாயில் டிரிப்ளர், டெக்சஸில் ப்ரூக் போன்ற பெரிய ராணுவ மருத்துவமனைகளில் பயிற்சி நடக்கிறது. எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டும். ஒரு வருஷம் கல்லூரிக் கால்பந்து அணியின் மருத்துவராக மைதான ஓரத்தில் நிற்பவர், அடுத்த வருஷம் பாலைவனக் கூடாரத்தில் நசுங்கிய காலைச் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம்.

இனி வெஸ்ட் பாயின்ட். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில், 1802-ல் தொடங்கப்பட்ட ராணுவ அதிகாரிகளின் கல்லூரி அது. எந்த நேரத்திலும் 4,400 பேர் அளவில் படிக்கிறார்கள். அவர்களைக் கேடட் என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் அங்கே தலைவராக வந்த டக்ளஸ் மக்ஆர்தர், எல்லாக் கேடட்களும் ஏதாவது ஒரு விளையாட்டில் இறங்கியே ஆக வேண்டும் என்று விதி செய்தார். அந்த விதி இன்றும் இருக்கிறது. குத்துச்சண்டை கட்டாயப் பாடம். 2016 முதல் பெண்களுக்கும் கட்டாயம். ஆக, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் நாலாயிரத்துச் சொச்சம் பேர், ஒரே வளாகத்தில், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரிப் பயிற்சி, எல்லோரும் ஓடியாடுகிறவர்கள். அடிபட்டால் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கெல்லர் ராணுவ மருத்துவமனைக்குத்தான் வருவார்கள்.

ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடைக்காது. நகரத்து மருத்துவமனையில் முட்டிக்கு அறுவை செய்துகொண்டவர் ஆறு மாதம் வருவார், ஓரளவு சரியானதும் வருவதை நிறுத்திவிடுவார். வேலை மாறுவார், ஊர் மாறுவார். வலி திரும்பினால் வேறு மருத்துவரைப் பார்ப்பார். முதலில் அறுவை செய்தவருக்கு அது தெரியவே தெரியாது. தன் கைவேலை நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார். வேண்டுமென்று யாரும் செய்வதல்ல, ஆனால் மருத்துவத்தில் பல தவறான நம்பிக்கைகள் நீண்டகாலம் உயிரோடிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ராணுவத்தில் நோயாளி அப்படிக் காணாமல் போக முடியாது. நான்கு ஆண்டு வளாகத்தில் இருப்பார், பிறகும் குறைந்தது சில ஆண்டுகள் படையில் இருப்பார். அவர் எந்த ஊரில் எந்த ராணுவ மருத்துவரைப் பார்த்தாலும் அது ஒரே அமைப்பின் பதிவேட்டில் ஏறும்.

இந்த வசதியை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜான் ஃபீகின். அவரே 1955-ல் வெஸ்ட் பாயின்ட்டில் படித்து முடித்தவர். டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, எலும்பு மூட்டு அறுவை மருத்துவராகித் தன் பழைய கல்லூரிக்கே திரும்பி வந்தார். 1960-களின் இறுதியில் அவர் முன்னால் வந்து நின்றது முட்டிக்குள் இருக்கும் ஒரு தசைநார்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில், முட்டியின் நடுவே இரண்டு தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. முன்னால் இருப்பதை ஏசிஎல் என்கிறார்கள். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று கபடி, கால்பந்து ஆடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. ஓடுகிறவர் சட்டென்று திசை மாற்றும்போதும், குதித்துக் காலை நேராக விறைத்து இறங்கும்போதும் இது அறுந்துபோகிறது. பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் எதிராளி யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முட்டிக்குள் ரத்தம் கோத்து வீங்கிவிடும்.

அக்காலத்தில் எம்ஆர்ஐ கிடையாது. மூட்டுக்குள் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பியும் பரவலாகவில்லை. ஏசிஎல் மட்டும் தனியாகக் கிழியுமா, கிழிந்தால் அது பெரிய விஷயமா என்பதிலேயே மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஃபீகின் குழுவினர் கேடட்களின் முட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஏசிஎல் மட்டும் அறுந்திருப்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்தார்கள். அறுந்த இரு நுனிகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். தோல் கிழிந்தால் தைக்கிறோம், தசை அறுந்தால் தைக்கிறோம், இதையும் தைத்தால் ஒட்டாதா என்பது நியாயமான எண்ணம்தான். 64 கேடட்களின் அனுபவத்தை 1972-ல் அவர்கள் எலும்பு மருத்துவர்கள் முன்வைத்தபோது, தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருவதாக இருந்தன. இரண்டு ஆண்டு கழித்தும் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். பல மருத்துவர்கள் அப்படித்தான் நிறுத்தியிருப்பார்கள். இரண்டாண்டுக் கணக்கு என்பது மருத்துவ இதழ்கள் இன்றும் ஏற்றுக்கொள்ளும் கணக்கு. ஃபீகினும் அவருடைய சக மருத்துவர் வால்டன் கர்லும் விடவில்லை. ஐந்து ஆண்டு ஆனதும் அந்தக் கேடட்களைத் தேடினார்கள். அதற்குள் அவர்கள் இளம் ராணுவ அதிகாரிகளாகியிருந்தார்கள். 32 பேரின் நிலை தெரியவந்தது. அவர்களில் 94 சதவீதம் பேருக்கு முட்டி நிலையாக இல்லை. நடக்கும்போதும் திரும்பும்போதும் ‘விட்டுவிடுகிறது’. 71 சதவீதம் பேருக்கு வலி. பாதிக்கும் மேற்பட்டோர் அதே முட்டியில் மறுபடி மோசமாக அடிபட்டிருந்தார்கள். தங்கள் சிகிச்சை தோற்றுவிட்டது என்பதை 1976-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழில் அவர்களே எழுதி வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரை அரை நூற்றாண்டாக மேற்கோள் காட்டப்பட்டுவருகிறது. காரணம் எளிது. தன் பெயரில் இருக்கும் ஒரு நல்ல முடிவைத் தானே திரும்பப் பெறுவது எந்தத் துறையிலும் அரிது. ஓர் அறுவை மருத்துவருக்கு இன்னும் கடினம், ஏனென்றால் அந்த முடிவு அவருடைய கை செய்த வேலை. இதைப் படித்த பிறகு, பிற நாடுகளிலும் இதேபோன்ற முடிவுகள் வர வர, ஏசிஎல்லை வெறுமனே தைப்பதை மருத்துவர்கள் கைவிடத் தொடங்கினார்கள். அறுந்ததை எடுத்துவிட்டு, முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாணிலிருந்தோ தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்தும் மறுசீரமைப்பு அறுவை நிலைபெற்றது. இன்று ஏசிஎல் அறுவை என்றால் பெரும்பாலும் அதுதான்.

தைத்தது ஏன் ஒட்டவில்லை? உடலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே ரத்தம் உறைந்து ஒரு கட்டியாகி, இரண்டு ஓரங்களுக்கும் இடையே பாலம் போல நிற்கிறது. புதுத் திசு அதைப் பற்றிக்கொண்டுதான் வளர்கிறது. முட்டிக்குள் வழுவழுப்பான மூட்டு நீர் இருக்கிறது. அது ரத்தக் கட்டியைக் கரைத்துவிடுகிறது. பாலம் இல்லை, ஆகவே ஒட்டுவதற்கு வழியும் இல்லை. நூல் மட்டும் எத்தனை நாள் இழுத்துப் பிடித்திருக்கும்? பாஸ்டனில் மார்த்தா மரே என்ற மருத்துவர் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நோயாளியின் ரத்தத்தையே தாங்கிப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்ற ஒரு பொருளை உருவாக்கினார். அதை இரண்டு நுனிகளுக்கும் நடுவே வைத்துத் தைக்கும் முறைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. 1976-ல் மூடிய கதவு வேறு விதமாகத் திறந்திருக்கிறது. அந்த முறையை ஐந்து, பத்து ஆண்டுக் கணக்கில் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஃபீகினும் ஒருவர்.

வெஸ்ட் பாயின்ட்டிலிருந்து வந்த அடுத்த பெரிய பங்களிப்பு தோளில். தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. கை எல்லாப் பக்கமும் சுழல அது தேவை. அதனால் தோள் எளிதில் இறங்கிவிடும். இறங்கிய தோளை ஏற்றிவிட்டு, சில வாரம் தூளியில் கையைத் தொங்கவிட்டு, பிறகு உடற்பயிற்சி கொடுப்பது காலங்காலமாக இருந்த முறை. முதல் தடவை இறங்கிய தோளுக்கு யாரும் அறுவை செய்யமாட்டார்கள். இரண்டு, மூன்று தடவை இறங்கிய பிறகுதான் யோசிப்பார்கள். ஆனால் கெல்லரின் மருத்துவர்கள் பார்த்தது வேறு. ஒரு தடவை தோள் இறங்கிய கேடட் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார்.

ராபர்ட் ஆர்சியேரோவும் சக மருத்துவர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில் 36 கேடட்கள். எல்லோருக்கும் முதல் தடவையாகத் தோள் இறங்கியிருந்தது. 15 பேருக்குத் தூளியும் பயிற்சியும். அவர்களில் 12 பேருக்குத் தோள் மறுபடி நிலை தவறியது. அதாவது 80 சதவீதம். 21 பேருக்கு உடனடியாக ஆர்த்ராஸ்கோப்பி மூலம் கிழிந்த விளிம்பைத் தைத்தார்கள். மறுபடி நிலை தவறியது 3 பேருக்கு மட்டும். இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. அந்தக் குறையை ஹவாயின் டிரிப்ளர் ராணுவ மருத்துவமனை 2002-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஓரளவு நிரப்பியது. அங்கே குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அறுவை இல்லாதவர்களில் 75 சதவீதம் பேருக்கும், அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும் மறுபடி வந்தது. ஏன் இப்படி என்பதும் தெரியவந்தது. முதல் தடவை தோள் இறங்கிய கேடட்களின் மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தபோது, 97 சதவீதம் பேருக்குக் குழியின் விளிம்பிலிருந்த குருத்தெலும்பு வளையமும் தசைநார்களும் பெயர்ந்து கிடந்தன. பெயர்ந்தது தானாகப் பழைய இடத்தில் ஒட்டவில்லை.

இதிலே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்த எண்கள் இருபது வயதுக் கேடட்களுக்கானவை. குத்துச்சண்டை போட்டு, தடை தாண்டி ஓடி, அடிக்கடி கையைத் தலைக்கு மேலே ஓங்கி வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஐம்பது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து தோள் இறங்கியவருக்கு அது மறுபடி இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அவருக்குச் சோதிக்க வேண்டியது தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களை. ‘முதல் தடவையே அறுவை’ என்ற முடிவை வயது பார்க்காமல் யாராவது பொருத்தினால், ஆய்வைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

அறுவைக்கு வெளியேயும் நிறைய நடந்தது. பிரெட் ஓவன்ஸ் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு கல்வியாண்டு முழுக்க எல்லாத் தோள் காயங்களையும் எண்ணினார்கள். நிலை தவறிய 117 தோள்களில் ஏறக்குறைய 85 சதவீதம் முழுதாக இறங்காமல் பாதி நழுவித் திரும்பி வந்தவை. இப்படிப்பட்டவை பழைய கணக்குகளில் பெரும்பாலும் ஏறவில்லை. இன்னொரு ஆய்வில், 1999-ல் படிப்பை முடிக்கவிருந்த வகுப்பில் கிட்டத்தட்ட 900 பேரை, அவர்கள் உள்ளே நுழையும்போதே அளந்து வைத்தார்கள்: முட்டி எலும்பின் நடுப்பள்ளம் எவ்வளவு அகலம், மூட்டுகள் எவ்வளவு தளர்வு, எடை எவ்வளவு. பிறகு நான்கு ஆண்டு காத்திருந்தார்கள். யாரும் மோதாமலே ஏசிஎல் அறுந்தவர்கள் 24 பேர். பள்ளம் குறுகியவர்களுக்கும் மூட்டு தளர்ந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. காயம் பட்ட பிறகு அளந்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. முன்பே அளந்ததுதான் இந்த ஆய்வின் பலம். இதை அடுத்து தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் கல்லூரிகளும் சேர்ந்து, குதித்து இறங்கும் விதத்தைப் படம் பிடித்து ஆபத்தைக் கணிக்கும் பெரிய முயற்சியில் இறங்கின. முட்டியை மடக்கி மெதுவாக இறங்கப் பழக்கும் பயிற்சிகள் இன்று பள்ளி விளையாட்டு வரை வந்திருக்கின்றன.

போருக்குப் போனால் அதே மருத்துவர் வேறு உலகத்தில் நிற்கிறார். 2001 அக்டோபரிலிருந்து 2005 ஜனவரி வரை இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்த 1,566 பேரின் பதிவேட்டை மேலே சொன்ன ஓவன்ஸ் ஆராய்ந்தார். காயங்களில் 54 சதவீதம் கைகால்களில். நெஞ்சையும் வயிற்றையும் கவசம் காக்கிறது. கைகால்கள் திறந்தே கிடக்கின்றன. பெரும்பாலானவை வெடியால் வந்தவை. எலும்பு முறிவுகளில் பத்தில் எட்டு, தோலும் கிழிந்த திறந்த முறிவுகள். மண்ணும் துணியும் உள்ளே புகுந்தவை. அங்கே நேர்த்தியான அறுவைக்கு இடமில்லை. அழுக்கை அகற்று, ரத்தத்தை நிறுத்து, வெளியே கம்பி போட்டு எலும்பை அசையாமல் பிடி, விமானத்தில் ஏற்று. அவ்வளவுதான்.

ஜான் கிராக் என்ற ராணுவ எலும்பு மருத்துவர் 2006-ல் பாக்தாத்தில் செய்த ஆய்வு இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கைகாலில் ரத்தம் பீறிட்டால் மேலே பட்டை கட்டி இறுக்குவது பழங்கால முறை. அதைக் கட்டினால் கால் அழுகிப்போகும், கடைசி வழியாக மட்டும் கட்டு என்றே பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிராக் 232 பேரைப் பின்தொடர்ந்தார். உடல் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே பட்டை கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலை வந்த பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். பட்டை கட்டியதால் மட்டும் கையோ காலோ போனவர் ஒருவரும் இல்லை. இன்று அமெரிக்காவில் காவலர்களும் பள்ளி ஆசிரியர்களும்கூட இந்தப் பட்டையைக் கட்டப் பயிற்சி பெறுகிறார்கள்.

விளையாட்டு மருத்துவமும் போர்க்காய மருத்துவமும் நேரடியாகச் சேர்ந்த இடம் டெக்சஸின் சான் அன்டோனியோ. வெடியில் நொறுங்கிய காலை மருத்துவர்கள் பாடுபட்டுக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலோடு நடக்கவே வலிக்கிறது. 2013-ல் வந்த ஒரு ராணுவ ஆய்வு, காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவர்கள், காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களைவிட நன்றாக நடமாடுகிறார்கள் என்று காட்டியது. காப்பாற்றிய காலையே வெட்டிவிடச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. 2007-ல் அங்கே திறக்கப்பட்ட ‘சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட்’ மறுவாழ்வு மையத்தில், பலவீனமான காலின் பின்புறம் விறைப்பான கார்பன் தண்டு வைத்த ஒரு கட்டுச்சாதனத்தை உருவாக்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு, காயமடைந்த ஓட்டக்காரரை மறுபடி களத்துக்குத் திருப்பும் அதே படிப்படியான பயிற்சியைக் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்களில் பலர் ஓடினார்கள். சிலர் மீண்டும் படைப்பணிக்கே திரும்பினார்கள்.

எல்லோரும் ஒரே அமைப்பின் கீழ் இருப்பது ஆய்வுக்கு வசதி. அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேலதிகாரி ‘இந்த ஆய்வில் சேர்’ என்றால் இருபது வயதுக் கேடட் மாட்டேன் என்பாரா? அதனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விதி எழுதி வைத்திருக்கிறது. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது மேலதிகாரி அந்த அறையில் இருக்கக் கூடாது, சேரச் சொல்லி அழுத்தம் தரக் கூடாது. இந்த விதி உள்ளபடியே நடக்கிறதா என்று பார்ப்பதும் ஆய்வு செய்யும் மருத்துவரின் பொறுப்புதான்.

சீருடையைக் கழற்றிய பிறகு இவர்களில் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். ஆர்சியேரோ கனெக்டிகட்டிலும் ஓவன்ஸ் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்கள். ஃபீகின் முதலில் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சனுக்குப் போனார். அது பனிச்சறுக்கு ஊர். ஏசிஎல் அறுந்து வருபவர்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கப் பனிச்சறுக்கு அணிக்கு மருத்துவராக இருந்தார். பிறகு தான் படித்த டியூக்குக்கே கற்பிக்கத் திரும்பினார். ஏசிஎல்லை ஆராய்கிறவர்களை ஒன்றுகூட்ட அவர் தொடங்கிய குழுவில் இன்று பல நாட்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் அவர் காலமானார். அந்தக் குழு இப்போதும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடித் தங்கள் நோயாளிகளின் முட்டிகளைப் பற்றிப் பேசுகிறது.